ஊசிக்குப் பயந்து பிள்ளையை நோயிடம் ஒப்படைப்பதா?

  

இன்று இரவு கடையை அடைத்து வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். நோட்டுக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவே கசங்கிப்போன ஒரு தாள் கிடக்கலாம். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய தடுப்பூசிக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்டு ஆசிரியர் கொடுத்தனுப்பிய தாள் அது. அம்மா அத்தாவிடம் கேட்கச் சொல்வார். அத்தா கடையிலிருந்து வர இரவு பதினொரு மணி ஆகும். தாள் கையெழுத்தில்லாமலே பள்ளிக்குத் திரும்பிப் போகும். சில வீடுகளில் இது மறதி. சில வீடுகளில் இது பயம். அந்தப் பயத்தைப் பற்றித்தான் உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

2017 பிப்ரவரி 6 அன்று தமிழகத்தில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட மாணவர் வரை 1 கோடியே 76 லட்சம் பேருக்கு ஒரே மாதத்தில் போட்டு முடிப்பது திட்டம். ஆனால் ஊசிக்கு முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி வந்து சேர்ந்துவிட்டது. ஆண்மை போகுமாம்! பெண் பிள்ளைக்குக் கரு தரிக்காதாம்! நம் சமுதாயத்தின் தொகையைக் குறைக்கும் சதியாம்! பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தியை நம்பியவர்கள் முஸ்லிம்கள் மட்டும் அல்ல, எல்லாச் சமுதாயத்திலும் இருந்தார்கள். ஆனால் நம் வீட்டைப் பற்றி நாம்தானே பேச வேண்டும்?

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் வந்தார். "ஹஜரத், பள்ளிக்கூடத்துல ஊசி போடறாங்களாம், போடலாமுங்களா?" என்றார். "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். விசாரிக்கவில்லை. கூட்டம், பயணம், மேடை என்று நாட்கள் ஓடிவிட்டன. என் மௌனத்தையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். "ஹஜரத்தே ஒண்ணும் சொல்லலை, அப்ப என்னவோ இருக்குது" என்று தெருவில் நாலு பேரிடமும் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு அவருடைய இளைய மகனுக்குத் தட்டம்மை. காய்ச்சல் நெஞ்சில் இறங்கி நிமோனியாவாகி 11 நாள் மருத்துவமனையில் கிடந்தான். கடை பூட்டியே கிடந்தது. அல்லாஹ்வின் கிருபையால் பையன் பிழைத்தான். அவர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அன்று சொல்ல வேண்டியதை இன்று சொல்கிறேன்.

தட்டம்மையை "வந்து போகிற அம்மைதானே" என்று நினைக்காதீர்கள். நோய் கண்ட ஒரு பிள்ளை, எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே 12 முதல் 18 பேர் வரைக்கும் பரப்பிவிடும். அந்தப் பிள்ளை அறையை விட்டு வெளியே போன பிறகும் கிருமி 2 மணி நேரம் வரை காற்றில் நிற்கும். நம் மதரஸாக்களில் ஒரே கூடத்தில் அறுபது எழுபது பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்து ஓதுகிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள். 100 பிள்ளைகளில் 95 பேருக்காவது இரண்டு தவணை ஊசி போட்டிருந்தால்தான் இந்த நோய் பரவ வழியில்லாமல் நிற்கும். அந்த அரண் இருந்தால்தான் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையும் தப்பும். ஆகவே "என் பிள்ளை, என் இஷ்டம்" என்று இதில் சொல்ல முடியாது. உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கும்.

மலட்டுத்தன்மை என்ற வதந்திக்கு வருவோம். ரூபெல்லா சாதாரணக் காய்ச்சல் போலத்தான் வந்து போகும். ஆனால் கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் வந்தால் கரு கலையலாம். பிறக்கும் குழந்தை காது கேளாமல், கண்ணில் புரையோடு, இதயக் கோளாறோடு பிறக்கலாம். இந்த ஊசி பெண் பிள்ளையின் கருப்பையைப் பாழாக்க வந்ததல்ல, அவள் நாளைக்குச் சுமக்கப்போகும் குழந்தையைக் காக்க வந்தது. உண்மை இருக்கும் இடத்துக்கு நேர் எதிர்த் திசையில் வதந்தி ஓடியிருக்கிறது!

வியாபாரிகளே! ஒரு மூட்டை மிளகாய் வாங்கினால்கூட பில் எங்கே, யார் அனுப்பியது, எடை சரியா என்று கேட்கிற நீங்கள், பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தியை மட்டும் பில் இல்லாமல் வாங்கலாமா? வாங்கியதோடு நிற்காமல் பத்துக் குழுவுக்கு அனுப்பவும் செய்கிறோமே!

ஆனால் ஒன்றையும் மறைக்க நான் விரும்பவில்லை. இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் நம்மவர்கள் 18 பேர் கொல்லப்பட்டபோது, காயம்பட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள் மருத்துவமனை வளாகத்திலேயே தாக்கப்பட்டார்கள். அதைப் பார்த்த தலைமுறை இன்னும் கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் உயிரோடு இருக்கிறது. வாசலில் யாராவது பேரேடோடு நின்று "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் அவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. 2011இல் அமெரிக்க உளவு நிறுவனம் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒசாமா பின்லாடனைத் தேடுவதற்காகத் தடுப்பூசி முகாம் என்ற பெயரில் நாடகம் ஆடியது. அது வதந்தி அல்ல, நடந்தது. இனித் தடுப்பூசித் திட்டங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014இல் அமெரிக்க அரசே சொல்ல வேண்டி வந்தது. அந்த அயோக்கியத்தனத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? போலியோவில் கால் விளங்காமல் போன பாகிஸ்தானிய முஸ்லிம் குழந்தைகள்தானே! உளவாளி செய்த துரோகத்துக்கு நம் பிள்ளையைத் தண்டிப்பது என்ன நியாயம்?

அடுத்து, மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் காரணங்கள்.

"எல்லாம் விதிப்படி நடக்கும், ஊசி எதற்கு?" என்கிறார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அங்கே போய்க்கொண்டிருந்த கலீஃபா வழியில் செய்தி அறிந்து, தோழர்களிடம் ஆலோசனை கேட்டுத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். நோய் பரவிய ஊருக்குள் போகவும் வேண்டாம், இருப்பவர் அங்கிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து எடுத்துரைத்தார்கள். விதியை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்.

"தொற்றுநோய் என்பதே இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே" என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். பாதியைப் படித்துவிட்டுக் கேட்கிறார்கள்! புகாரியில் வரும் அதே அறிவிப்பின் இறுதியில், சிங்கத்தைக் கண்டு ஓடுவதுபோல் தொழுநோயாளியிடமிருந்து விலகச் சொல்லப்பட்டிருக்கிறது. நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களிடம் கொண்டு போகக் கூடாது என்றும் வந்திருக்கிறது. நோய் அல்லாஹ்வை மீறித் தானாகவே பரவுகிறது என்ற அறியாமைக் கால நம்பிக்கையைத்தான் முதல் பகுதி மறுக்கிறது என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

கருஞ்சீரகம் போதாதா என்போருக்கு ஒரு செய்தி. கருஞ்சீரகத்தை நானும் சாப்பிடுகிறேன். ஆனால் தட்டம்மையும் பெரியம்மையும் வேறு வேறு நோய்கள் என்று ஆராய்ந்து தனி நூலே எழுதியவர் அர்ராஸீ என்ற முஸ்லிம் மருத்துவர், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு! அம்மைப்பால் வைக்கும் முறையை இஸ்தான்பூலில் கண்டு, 1718இல் தன் மகனுக்கும் வைத்து, அதை இங்கிலாந்துக்குக் கொண்டு போனவர் ஓர் ஆங்கிலத் தூதரின் மனைவி. நம்மிடம் கற்றுக்கொண்டு போனதை இன்று நாமே சந்தேகிக்கிறோம். (தாயத்தைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.)

பன்றிப் பொருள் கலந்திருக்கிறதா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. ஈமான் உள்ளவன் கேட்கத்தான் செய்வான். 1995இல் குவைத்தில் கூடிய அறிஞர்கள் மாநாடு, மூலப்பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற அடிப்படையில் ஜெலட்டினை ஆகுமாக்கியது. இந்தோனேசிய உலமா சபை இன்னும் கண்டிப்பாக இருந்தது. புனேயில் தயாரான இதே தட்டம்மை - ரூபெல்லா ஊசியை ஆராய்ந்து, தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருள் இருப்பதாகவே முடிவு செய்தது. முடிவு செய்த பிறகும், வேறு மருந்து இல்லாத நிர்ப்பந்தத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று 2018 ஆகஸ்டில் ஃபத்வா கொடுத்தது. கண்டிப்பானவர்களும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹஜ்ஜுக்குப் போகும்போது மூளைக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்கிறோம். அந்தச் சான்று இல்லாமல் சவூதி அரசு அனுமதிப்பதில்லை. 1987இல் ஹாஜிகளிடையே அந்த நோய் பரவிய பிறகு வந்த கட்டுப்பாடு அது. எந்த ஹாஜியாராவது "இது சதி" என்று சொல்லிப் பயணத்தை விட்டாரா? 60 வயதில் நமக்கு ஆகுமான ஊசி, 6 வயதுப் பேரனுக்கு மட்டும் ஆகாமல் போனது எப்படி?

பயத்தின் விலையைப் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கமே பார்க்கலாம். மலப்புரத்தில் 2015இலும் 2016இலும் தொண்டை அடைப்பானால் பிள்ளைகள் இறந்தார்கள். தொண்டையில் சாம்பல் நிறத் திரை படிந்து மூச்சு அடைபடும். அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும். பத்து வயதில் போடும் ஊசி இதற்கும் ரணஜன்னிக்கும்தான். 2022இல் அதே மலப்புரத்தில் தட்டம்மை பரவி மத்தியக் குழு வந்தது. அதே ஆண்டு மும்பையில், நம்மவர்கள் நெருக்கியடித்து வாழும் கோவண்டிப் பகுதியில், தட்டம்மை பல பிள்ளைகளைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள்.

மாறவும் முடியும். 2006இல் நாட்டில் 676 பேருக்குப் போலியோ. பெரும்பகுதி உத்தரப் பிரதேசம், அதிலும் பெரும்பகுதி முஸ்லிம் குழந்தைகள். இமாம்கள் மேடையில் பேசினார்கள், அலிகர் பல்கலைக்கழகத்து மாணவர்கள் தெருத் தெருவாகப் போனார்கள். கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில், சொட்டு மருந்து கொடுக்கப்படாத ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் குழந்தை. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது.

இளைஞர்களே! கொரோனாவில் இறந்தவர்களின் உடலைச் சொந்த மக்களே தொடப் பயந்தபோது, எந்த மதத்தவராக இருந்தாலும் தூக்கிச் சென்று இறுதி மரியாதை செய்தவர்கள் நீங்கள். அத்தனை துணிவுள்ள உங்களுக்கு, தெருவில் எந்தப் பிள்ளைக்குத் தவணை பாக்கி என்று கேட்டு எழுதுவது பெரிய வேலையா? புதன்கிழமை தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். விடுபட்ட தட்டம்மை ஊசியை 5 வயது வரை போடலாம். லேசான காய்ச்சலும் கை வலியும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். போட்டவுடன் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.

முத்தவல்லிகளே! மதரஸாவில் பிள்ளையைச் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழோடு தடுப்பூசி அட்டையின் நகலையும் கேளுங்கள். பள்ளிவாசல் வளாகத்திலேயே முகாம் நடத்த இடம் கொடுங்கள். நம் ஜமாஅத் பெண்மணி ஒருவர் நர்ஸுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தால் தாய்மார்களின் தயக்கம் பாதி போய்விடும். ஆலிம்களே! உங்களிடம் வந்து கேட்பவரிடம் "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொன்னால், அன்றே விசாரியுங்கள்.

பையில் அந்தத் தாள் இல்லையா? தொலைந்துவிட்டதா? நாளைக் காலை கடை திறக்கும் முன் பள்ளிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கேட்டால் இன்னொன்று கொடுப்பார்கள்.

வஸ்ஸலாம்.