நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்

அடுத்த முறை கல்யாண மண்டபத்திலோ கோயில் திருவிழாப் பந்தலிலோ இடம் கிடைத்தால், உட்காருவதற்கு முன் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இருக்கையின் அடியில் பெரும்பாலும் ஒரு சிறிய தழும்பு தென்படும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாசல் அது. ஓரத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய கோடு ஒன்று தட்டுப்படும். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம். சின்னச் சின்ன வட்டத் தடங்கள் இருந்தால், ஆறிய நாற்காலியை அச்சிலிருந்து வெளியே தள்ளிய கம்பிகள் விட்டுச் சென்றவை. சில பொருள்களில் கடிகாரம் போல ஒரு வட்டமும் அம்புக்குறியும் இருக்கும்: சுற்றி 1 முதல் 12 வரை மாதம், நடுவில் ஆண்டு. முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். தன் பிறப்புப் பத்திரத்தைத் தானே சுமந்துகொண்டு திரியும் பொருள் வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்!

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் என் சின்னம்மா. பிறையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் ஓப்பரேட்டர். மூன்று ஷிஃப்ட், கம்பெனி பஸ், பண்டிகைக் காலத்தில் ஓவர்டைம். அரிசி போன்ற மணிகளை இயந்திரத்தின் தலையில் கொட்டுவார்கள். உள்ளே திருகு ஒன்று சுழன்று அவற்றை முன்னே தள்ளும். 200 டிகிரிக்கு மேல் சூடேறிக் கூழான பிளாஸ்டிக், பெரும் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் பாயும். பாய்வதற்குச் சில விநாடிதான். அதன் பிறகு ஆற வேண்டும். ஒரு சுற்றில் பெரும்பகுதி நேரம் அதற்கே போய்விடும். அச்சு திறந்ததும் சின்னம்மா பொருளை எடுத்து, ஓரப் பிசிறைக் கத்தியால் சீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடுக்கிவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்தது வந்துவிடும். “மெஷின் நமக்காக நிக்காதுடா” என்பார்.

சில வாரங்களுக்கு முன் நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு நேயர் அழைத்தார். மகன் எஸ்.பி.எம். முடித்திருக்கிறான். அச்சு செய்யும் தொழில், அதாவது டூல் அண்ட் டை, படிக்க ஆசைப்படுகிறானாம். வீட்டில் ஒரே சண்டை. “நானும் ஃபேக்டரி, அவங்க அப்பாவும் ஃபேக்டரி. இவனும் ஃபேக்டரிக்கா போகணும்? விரல் போச்சுன்னா யாரு தம்பி கொடுப்பா?” அழவில்லை, ஆனால் குரல் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

நம் குடும்பங்களில் ‘ஃபேக்டரி வேலை’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறோம். அச்சிலிருந்து பொருளை எடுப்பதும் அந்த அச்சையே உருவாக்குவதும் ஒரே கூரையின் கீழ் நடக்கலாம். தொழில் வேறு, சம்பளம் வேறு, பேரம் பேசும் பலமும் வேறு.

அச்சு செய்பவரின் தலைவலியைக் கேளுங்கள். பாலிபுரோப்பிலீன் ஆறும்போது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு சுருங்கும். 400 மில்லிமீட்டர் இருக்கை வேண்டுமென்றால் அச்சை 406 என்று வெட்ட வேண்டும். அதோடு முடிந்ததா? தடித்த இடம் ஒரு மாதிரியும் மெலிந்த இடம் ஒரு மாதிரியும் சுருங்கும். கணக்குத் தவறினால் நாற்காலி முறுக்கிக்கொள்ளும், நான்கு கால்களும் தரையில் ஒன்றாகப் படியாது. விருந்தில் ஆடிக்கொண்டே சாப்பிட்ட அனுபவம் இருந்தால் இப்போது காரணம் புரிந்திருக்கும். குளிர்நீர் ஓடும் துளைகளை அச்சுக்குள் எங்கே வைப்பது என்பதும் அவர் தலையில்தான். ஒவ்வொரு பொருளிலும் இரண்டு விநாடி மிச்சப்படுத்தினால், பத்து லட்சம் பொருளுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

வெட்டுவது கணினி இயந்திரம். அதன் கத்தி நுழைய முடியாத மூலைகளை மின்பொறியால் அரிப்பார்கள். எண்ணெய்க்குள் செம்போ கிராஃபைட்டோ எஃகைத் தொடாமலேயே பொறி பறக்க விட்டு, துளித் துளியாகக் கரைக்கும் வேலை. கடைசி மெருகு பல இடங்களில் இன்னும் கையால்தான்: முதலில் கல், பிறகு வைரப் பசை. கண்ணாடி போன்ற மூடி ஒன்றில் முகம் தெரிகிறதென்றால், யாரோ ஒருவர் நாள்கணக்கில் குனிந்து எஃகைத் தேய்த்திருக்கிறார்.

1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டு சிங்கப்பூரில் டாட்டா நிறுவனமும் அரசாங்கமும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. நுட்பப் பொறியியலில் தொழிலாளர்களைத் தேற்றுவதற்காக. நம் பக்கத்திலும் 1991இல் ஜெர்மன் மலேசியக் கழகம் வந்தது. இன்று மலேசியத் திறன் சான்றிதழில் 3ஆம் நிலை வரை போய், அதற்கு மேல் டிப்ளோமாவும் எடுக்கலாம். வாசல் திறந்துதான் இருக்கிறது. எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம் வீடுகளில் எத்தனை பேர் அதை எட்டிப் பார்க்கிறோம்?

விரல் பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். அது நியாயமான பயம். வீட்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத் தகட்டை விளிம்பில் பிடித்துக்கொண்டு நடுவில் குத்தி இறக்கித்தான் அந்த உருவம் வருகிறது. பிடி தளர்ந்தால் தகடு சுருக்கம் விழும், இறுகினால் கிழியும். அந்த அழுத்து இயந்திரத்துக்குத் தகடு எது, கை எது என்று தெரியாது. அதனால்தான் இரண்டு பொத்தான்கள்: இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். வேகத்துக்காக ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைக்கும் இடங்கள் உண்டு. அங்கேதான் விரல் போகிறது. வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் மீது வைத்திருக்கிறது. டேப் ஒட்டச் சொல்லும் மேற்பார்வையாளரிடம் முடியாது என்று சொல்லும் தைரியம், வேலை தெரிந்தவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

அந்த அம்மாவின் கேள்வியைச் சின்னம்மாவிடம் கொண்டுபோனேன். “நான் 19 வருஷம் அந்த அச்சத் தொறந்து மூடுறதப் பார்த்தேன். உடைஞ்சா சரிபண்ண ஒருத்தர் வருவாரு. அவர் வர்ற வரைக்கும் மேனேஜர்லேருந்து எல்லாரும் கைகட்டி நிப்போம். அந்தப் பையன் அவரா ஆகப்போறான், போகச் சொல்லு” என்றார்.

பையன் நேர்முகத் தேர்வுக்குப் போய், இடமும் கிடைத்து, பாதுகாப்புக் காலணி வாங்கியாயிற்று என்று போன வாரம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. படத்தில் அவன் கையில் கோயில் கயிறு. அதைச் சின்னம்மாவிடம் காட்டினேன். மகிழ்ச்சியெல்லாம் அப்புறம்தான்.

“லேத் மெஷின் பக்கத்துல போறப்ப மட்டும் அந்தக் கயித்த அவுத்துடச் சொல்லு. முழுக்கை சட்டை, கையுறை, அதுவும் வேணாம். சுத்துற மெஷின் நூல் நுனி கிடைச்சாலும் இழுத்துடும். இன்னிக்கே அவங்க அம்மாவுக்கு அனுப்பிடு.”

அனுப்பிவிட்டேன்.