போட்டோ, டிசைன் ஃபைல்... எல்லாம் எங்கே சேமிப்பது? வீட்டு 'நாஸ்' கைகொடுக்குமா?

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புது காலண்டர் ஆல்பம் வெளியாகும். வீட்டிலிருந்தே டிசைன் செய்பவர்களின் கம்ப்யூட்டரில் அதற்கு முன்பே ஃபைல்கள் குவிந்துவிடும். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபிதான்.

மாற்று என்ன?

வீட்டு வைஃபை ரவுட்டருடன் இணையும் 'நாஸ்'. எல்லா போனும் லேப்டாப்பும் அதிலேயே சேமிக்கலாம்.

செலவு குறையுமா?

பழைய கம்ப்யூட்டரில் 'ஓபன்மீடியாவால்ட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டாலே நாஸ் ரெடி. மிச்சக் காசில் நல்ல ஹார்ட் டிஸ்க் வாங்கலாம். 4 டிபி டிஸ்க் இரண்டை 'ரெய்டு 1' முறையில் போட்டால் கிடைப்பது 4 டிபிதான். ஆனால் ஒன்று பழுதானாலும் ஃபைல் தப்பிக்கும்.

அப்போ கவலையே இல்லையா?

இருக்கு. கைதவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழிந்துவிடும். மின்வெட்டைச் சமாளிக்க யுபிஎஸ் வேண்டும். தீ, திருட்டு நடந்தாலும் ஃபைல் மிஞ்ச, இன்னொரு காப்பி வேறு இடத்தில் இருக்கணும்.