ஒரு ஜன்னல் ஓரம் கொடுங்கள்



உப்புப் படிகம் என்ன வடிவம் என்று கேட்டால் எல்லாருமே ‘கனசதுரம்’ என்று எழுதி மார்க் வாங்கிடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அது எப்பவும் சரியில்லை.

இரண்டு ஊறுகாய் பாட்டிலில் கல் உப்பைக் கரையாமல் நிற்கிற வரை போட்டுக் கரைத்தேன். (100 மி.லி. தண்ணீரில் சுமார் 36 கிராம்தான் கரையும்.) தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்து, ஒன்றில் வயலுக்கு வாங்கிய யூரியாவை ஐந்தாறு ஸ்பூன் போட்டேன். ஆடாமல் அசையாமல் வகுப்பு ஜன்னலில் வைத்தேன். பத்து நாள் கழித்து லென்ஸில் பார்த்தால், சும்மா உப்பு கட்டம் கட்டமா இருந்தது. யூரியா போட்டதில் மூலையெல்லாம் வெட்டின மாதிரி! சிலது முழுசா எட்டு முகம், இரண்டு பிரமிடை அடியோடு அடி ஒட்டின மாதிரி.

சிரிக்காதீங்க, இதை முதலில் சிறுநீரில்தான் கண்டுபிடித்தார்கள். பிரான்சில் ரோமே தெ லில் என்பவர் 1783-லேயே எழுதியிருக்கிறார். சிறுநீரில் யூரியா இருக்கிறதே!

காரணம் இதுதான். படிகத்தின் எல்லா முகமும் ஒரே வேகத்தில் வளராது. வேகமாக வளரும் முகம் சின்னதாகி மறைந்துவிடும். மெதுவாக வளர்வதுதான் கடைசியில் பெரிதாகத் தெரியும். மூலைப் பக்க முகங்களை யூரியா மெதுவாக்கிவிடுகிறது. மருந்துக் கம்பெனிகளும் இந்த மாதிரி வடிவத்தை மாற்றுகிறார்களாம். ஊசி ஊசியாய் இருக்கும் படிகத்தை வடிகட்டவும் மாத்திரையாக அழுத்தவும் கஷ்டம்.

படிகாரம் இதற்கு நேர் எதிர். சும்மா வளர்த்தால் எட்டு முகம். கொஞ்சம் சலவைச் சோடா போட்டால் பொங்கி வினை நடக்கும், அமிலத்தன்மை குறையும், அப்புறம் கனசதுரம் வரும். அதைத்தான் அடுத்து வைக்க நினைத்திருந்தேன்.

அதற்குள் ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று வகுப்பைச் சுத்தம் பண்ணினார்கள். அழுக்குத் தண்ணி என்று என் பாட்டில் இரண்டையும் கொட்டிவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. பார்த்தால் அழுக்குத் தண்ணி மாதிரிதான் இருந்தது. ஆனாலும் அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கலை.

நம் லேப் பீரியட் 40 நிமிடம். அதற்குள் நிறம் மாறுவதும் நுரை வருவதும்தான் நமக்கு ‘வேதியியல்’. மெதுவாக நடப்பதை நாம் பார்ப்பதே இல்லை, படம் வரைவதோடு சரி. இது சரியில்லை என்பது என் கருத்து. பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை என்று டீச்சர் சொல்வது உண்மைதான். ஆனால் இதற்குப் பீரியடே வேண்டாம். பிரேயர் முடிந்து வரும்போது ஒரு நிமிடம் பார்த்து நோட்டில் எழுதினால் போதும். யாரும் வாயில் வைக்காதபடி பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுவது என் பொறுப்பு.

லேப் ரூம் பின்பக்க ஜன்னலில் உடைந்த குளோப் ஒன்று இருக்கிறது. அதை எடுத்து பீரோ மேல் வைத்தால் ஆறு பாட்டில் வைக்கலாம். ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி