வாசலில் கிடந்த லாசரு

லூக்கா சுவிசேஷத்தின் 16ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவான், புண்ணுடம்போடு தன் வாசலில் கிடந்த லாசருவை அடித்தான் என்றோ விரட்டினான் என்றோ இயேசு பெருமான் கூறவில்லை; உயர்ந்த வஸ்திரம் தரித்து நாள்தோறும் விருந்துண்டு களித்திருந்தான் என்பதற்கு மேல் அவன்மீது அங்கே ஒரு குற்றமும் சாட்டப்படவில்லை. ஆனால், பாதாளத்தில் வேதனைப்படும்போது லாசருவை அவன் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். அறிந்தவனைத்தான் அவன் அத்தனை நாளும் காணாதிருந்தான்.

நள்ளிரவு கடந்தும் கைப்பேசியில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்போரைக் கண்டிக்கும் போதகர்கள், பெரும்பாலும் அங்குள்ள ஆபாசத்தையே எடுத்துரைக்கிறார்கள். அது கண்டிக்கத்தக்கதே. ஆயினும், தம்மளவில் தீங்கற்ற சமையல் குறிப்பும் பூனைக்குட்டியின் விளையாட்டும், ஏன், பிரசங்கத் துணுக்குகளுங்கூட, ஒன்றன்பின் ஒன்றாக ஓயாது வந்து கண்ணை நிறைக்கும்போது, அந்த ஐசுவரியவானுக்கு அவனுடைய விருந்து செய்ததையே நமக்குச் செய்கின்றன என்பது என் துணிபு. நூலுக்கு அத்தியாய முடிவு உண்டு. நாடகத்துக்குத் திரை விழுவது உண்டு. மனச்சாட்சி வாய்திறக்கக் கிடைக்கும் அந்தச் சிறு இடைவெளியை, 2006ஆம் ஆண்டில் ஆசா ராஸ்கின் என்பவர் வகுத்த, முடிவில்லாது உருண்டோடும் திரை நீக்கிவிட்டது. பிற்காலத்தில் அவரே அதற்காக மனம் வருந்தினார். தடையுங்கூட அந்த ஓட்டத்தை நிறுத்தவில்லை: 2020 ஜூன் மாத இறுதியில் நம் நாட்டில் குறுங்காணொளிச் செயலியான டிக்டாக் தடைசெய்யப்பட்டது. ஜூலையிலேயே ரீல்ஸ் வந்துவிட்டது. ஒரு பந்தி எழுமுன் அடுத்த பந்திக்கு இலை போட்டாயிற்று!

மனித இருதயம் தன்னை நோக்கியே வளைந்து கிடப்பதுதான் பாவத்தின் சுபாவம் என்று மார்ட்டின் லூத்தர் விளக்கினார். நம் ருசியை அளந்து, அந்த ருசியையே திரும்பத் திரும்ப நமக்குப் பரிமாறும் இயந்திரம் அந்த வளைவை ஊட்டி வளர்க்கிறது.

அந்த வளைவை நிமிர்த்தும் தட்டல் வெளியிலிருந்தே வருகிறது. திண்டிவனத்தில் மிஷனரி வைத்தியராயிருந்த தந்தையின் வீட்டில் தங்கியிருந்து, மிஷனரி வாழ்வே வேண்டாமென்று அமெரிக்காவுக்குத் திரும்பிவிட எண்ணியிருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் கதவை, ஓரிரவில் ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆடவர் வந்து தட்டினார்கள். பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியரை ஆண் வைத்தியர் தொட அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவோ வைத்தியம் கற்றவரல்லர். விடிந்தபோது அந்த மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். கதவு தட்டப்பட்ட அந்த ஓசையை மறக்கமாட்டாமல் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டு இந்தியா திரும்பி அவர் தொடங்கிய பணியே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. இன்று அதே கதவை எவரேனும் தட்டினால், இயர்போன் செருகிய நம் காதுகளுக்கு அது கேட்குமா?

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில், உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்துவைக்கும் தாய்மார்களின் வழக்கத்தைப் பிடியரிசிக் காணிக்கை என்பார்கள். உண்டு மிஞ்சியதிலிருந்து அவர்கள் அதை எடுத்ததில்லை. நம் மாலைப்பொழுதிலும் அப்படி ஒரு பிடியை, கைப்பேசியைக் கையில் எடுக்குமுன் எடுத்துவைப்போம். உங்கள் தெருவிலேயே, பிள்ளைகள் அயலூரில் இருக்கத் தனித்து வாழும் முதியவர் ஒருவர் இருப்பார். அவர் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்று மாலை போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.