பூந்தோட்டத்தில் பூனையோடு நடப்போம்

பூனை வளர்க்கும் வீடுகளில் நாள்தோறும் எழும் கேள்வி, கதவைத் திறந்து விடுவதா, அடைத்து வைப்பதா என்பதுதான். ஊர்ப்புறத்து வழக்கம் ஒரு பதில் வைத்திருக்கிறது: பூனை வரும், போகும், வேளைக்குச் சோறு வைத்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். நகரத்து அடுக்ககங்களின் பதில் வேறு: வெளியே விட்டால் ஆபத்து, ஆகவே ஆயுள் முழுக்க நான்கு சுவருக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டு பதிலிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதி பிழையும் இருக்கிறது. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் சில பூச்செடிகளும் வாய்த்தவர்கள், தினமும் சிறிது நேரம் பூனையைத் தோட்டத்துக்கு அழைத்துச்சென்று அதனோடு கூடவே நடக்க வேண்டும். கூட ஆள் இல்லாத நேரத்தில் அதைத் தோட்டத்தில் விடக் கூடாது. பூனைக்கும், அதே தோட்டத்தை நம்பி வாழும் மற்ற உயிர்களுக்கும் ஒருசேர நியாயம் செய்யும் வழி இதுவே என்பது என் வாதம்.

முதலில், பூனைக்குத் தோட்டம் ஏன் வேண்டும் என்று பார்ப்போம். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவ்வளவு பழைய உறவு இது. ஆனாலும் நாயைப் போலவோ மாட்டைப் போலவோ பூனையின் உடலையும் மனத்தையும் மனிதன் பெரிதாக மாற்றிவிடவில்லை. மரபணு அளவில் அது இன்றும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைக்கு மிக நெருங்கிய உறவு. பதுங்குவதற்கும் மோப்பம் பிடிப்பதற்கும் மெல்லிய சலசலப்பையும் கேட்பதற்கும் என்றே அமைந்த உடல் அது. அந்த உடலை மெத்தையிலும் சன்னல் ஓரத்திலும் மட்டுமே கட்டிப்போட்டால் எடை கூடுகிறது; மன அழுத்தத்தோடு தொடர்புடைய சிறுநீர்ப்பைக் கோளாறு சில பூனைகளுக்கு வருகிறது. பூனை மருத்துவர்களின் இரு அமைப்புகள் 2013இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு பூனையின் நல்வாழ்வுக்கு ஐந்து தேவைகளை வரையறுத்தது. வேட்டை இயல்புக்கு வடிகாலாகும் விளையாட்டு, மனிதரோடு மாறாத அன்பான உறவு, அதன் மோப்ப உலகை மதிக்கும் சூழல் ஆகியவை அவற்றில் மூன்று. ஈர மண், நேற்று பூத்த மல்லிகை, இரவில் யாரோ கடந்துபோன தடம் என ஒரு சிறு தோட்டம் பூனையின் மூக்குக்குக் கொடுப்பதை எந்த விளையாட்டுப் பொருளும் கொடுத்துவிட முடியாது. குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்ட இடத்தில் பூனைகள் மயங்கிப் புரள்வதைப் பார்த்துத்தான் நம் முன்னோர் அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றும் பெயரிட்டார்கள்.

அப்படியானால் கதவைத் திறந்துவிடலாமே என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி நடத்திய ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. பெரும்பாலான பூனைகள் வீட்டிலிருந்து சுமார் 100 மீட்டருக்குள்ளேயே பொழுதைக் கழிக்கின்றன என்று அது காட்டியது. கேட்பதற்கு நிம்மதியான செய்தி போலத் தோன்றும். ஆனால் வேட்டை முழுவதும் அந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே குவிகிறது. அதே பரப்பில் காட்டில் வாழும், ஏறத்தாழ அதே அளவுள்ள வேட்டை விலங்கைவிட நான்கிலிருந்து பத்து மடங்கு வரை அதிக உயிர்களை வளர்ப்புப் பூனைகள் கொல்கின்றன என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பூனைகளின் இரையாகும் உயிரினங்களைத் தொகுத்து 2023இல் வெளியான மற்றொரு ஆய்வில் 2,084 இனங்கள் இடம்பெற்றன. அவற்றில் 347 ஏற்கெனவே பாதுகாப்பு வேண்டி நிற்பவை. இந்த எண்களை நம் வீட்டுத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து பாருங்கள். தையல்சிட்டு இடுப்பளவு உயரச் செடியில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். தேன்சிட்டின் கூடு தாழ்ந்த கிளையிலும் தொங்கும். கொண்டைக்குருவி புதருக்குள் முட்டையிடும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தரையில் இறங்கி இலைச்சருகைக் கிளறும். சிறகு முற்றாத குஞ்சு கூட்டைவிட்டு வெளிவரும் முதல் நாட்களில் தரைக்கு மிக அருகில்தான் இருக்கும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் வைத்து இந்தப் பறவைகளை நாமே வரவழைக்கிறோம். வரவழைத்த இடத்தில் பசியில்லாத ஒரு வேட்டைக்காரரைக் காவல் இல்லாமல் விட்டுவைப்பது எந்த வகையில் நியாயம்?

ஆபத்து ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. தோட்டமும் பூனையைக் கொல்லும். இதுதான் நம்மிடையே மிகக் குறைவாகப் பேசப்படும் செய்தி. தாவரங்களில் உள்ள பல வேதிப்பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. மனிதருக்கு எளிய மருந்தான பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சாவதற்கும் இதுவே காரணம். பூங்கொத்துகளில் வரும் லில்லியும், தொட்டிகளில் வளர்க்கப்படும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியவை. இதழை மெல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் ஆபத்துதான். உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் சில நாட்களில் உயிர் போய்விடும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கால்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அதை மருந்தாகப் பிரித்தெடுப்பதற்காகவே மூலனூர், தாராபுரம் பகுதிகளில் விவசாயிகள் இதைப் பயிரிடுகிறார்கள். பூசைக்கு வைக்கும் அரளியும் மஞ்சள் அரளியும் இதயத் துடிப்பைக் குலைப்பவை. நித்தியகல்யாணியிலும் ஊமத்தையிலும் நஞ்சு உண்டு. வரவேற்பறைக்கு அழகூட்டும் மணி பிளான்ட்டைக் கடித்தால் பூனையின் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். இவற்றோடு நாம் கையால் சேர்க்கும் நஞ்சுகளும் இருக்கின்றன. பூச்சிக்கொல்லியான பெர்மெத்ரின் பூனைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். ஆமணக்குப் புண்ணாக்கை உரமாக இடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. சரியாகப் பக்குவப்படுத்தாத புண்ணாக்கில் ரைசின் என்ற நஞ்சு தங்கிவிடும். பூனை எதையும் நேராகத் தின்ன வேண்டியதில்லை; காலில் ஒட்டியதை நக்கிச் சுத்தம் செய்யும் அதன் நல்ல பழக்கமே அதற்கு வினையாகிவிடும்.

ஆக, பூனைக்குத் தோட்டம் தேவை; ஆனால் தனியாகத் தோட்டத்தில் இருந்தால் அது கொல்லவும் செய்யும், சாகவும் செய்யும். இந்த முடிச்சை அவிழ்க்க மனிதத் துணை போதுமா என்று ஐயப்படுகிறவர்கள் உண்டு. பூனை யார் பேச்சைக் கேட்கும், அதற்கு இடம்தான் முக்கியம், ஆள் முக்கியமில்லை என்ற கருத்து நம்மிடம் வேரூன்றியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. பழக்கமில்லாத அறையில் பூனைக்குட்டிகளை வளர்ப்பவரோடு சிறிது நேரம், தனியே சிறிது நேரம், மீண்டும் வளர்ப்பவரோடு சிறிது நேரம் என வைத்துப் பார்த்தார்கள். சுமார் 64 சதவீதக் குட்டிகள் வளர்ப்பவர் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து, அவரைத் துணையாகக் கொண்டு அறையைத் துணிவோடு ஆராயத் தொடங்கின. ஜப்பானில் நடந்த சோதனைகள், பூனை தன்னை வளர்ப்பவரின் குரலையும் தன் பெயரையும் பிரித்தறிகிறது என்று காட்டின. புதிய இடத்தில் நம் இருப்பு பூனைக்குத் துணிவு தருகிறது. நம் குரல் அதைத் திருப்பி அழைக்கிறது. தோட்ட நடைக்கு இந்த இரண்டும்தான் அடிப்படை.

கூடவே நடப்பது என்றால் நாயை இழுத்துக்கொண்டு போவது போன்ற நடை இல்லை. பூனை நின்றால் நாமும் நிற்க வேண்டும். அது முகர்ந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மெல்லக் கூடாத செடியை நெருங்கினால் குரல் கொடுத்துத் திசைதிருப்ப வேண்டும். கழுத்துப்பட்டையைவிட ஹார்னஸ் எனப்படும் மார்புப்பட்டை பாதுகாப்பானது. அதை முதலில் வீட்டுக்குள் சில நாள் அணிவித்துப் பழக்கிவிட வேண்டும். பறவைகள் மும்முரமாக இரை தேடும் அதிகாலையைத் தவிர்த்து, வெயில் தாழ்ந்த பின் இருட்டுவதற்குள் நடந்து முடிப்பது நல்லது. கூடும் குஞ்சுகளும் இருக்கும் மாதங்களில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. பூனைக்கும் நமக்கும் பொதுவான மண் என்பதால் ஒரு மூலையில் மணல் தொட்டி வைத்துவிட்டு, செடி நடும்போது கையுறை அணிய வேண்டும். டாக்சோபிளாஸ்மா போன்ற கிருமிகள் பூனையின் கழிவு வழியே மண்ணில் தங்குபவை. கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் முடிந்த பிறகே முதல் நடை.

இனி எதிர்வாதங்கள். பூனை சுதந்திர விலங்கு, அதைக் கண்காணிப்பது இயற்கைக்கு மாறானது என்பது முதலாவது. வேளாவேளைக்குச் சோறும் மருந்தும் மழைக்கு ஒதுங்க இடமும் கொடுத்து, ஓர் ஊர் தன் இயற்கையான அளவில் தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு பூனைகளை வாழவைப்பது நாம்தான். எண்ணிக்கையை நாம் உயர்த்திவிட்டு, விளைவை மட்டும் இயற்கையின் கணக்கில் எழுதுவது சரியாகாது. பூனைக்கு மணி கட்டிவிட்டால் போதாதா என்பது இரண்டாவது. இங்கிலாந்தில் 355 பூனைகளை வைத்து எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் மணியால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. மாறாக, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு, வீட்டுக்குக் கொண்டுவரப்படும் இரையை 36 சதவீதம் குறைத்தது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையோடு விளையாடியது 25 சதவீதம் குறைத்தது. நம் நேரத்தில் பத்து நிமிடம் செலவிட்டால் கிடைக்கும் பலன் இது. மணி கட்டுவது நம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சுருக்குவழியாகவே முடிகிறது.

எலியும் பாம்பும் வராமல் காக்கத்தானே பூனை என்பது மூன்றாவது வாதம்; நம் ஊரில் மிக வலுவானதும் இதுதான். சுண்டெலியைப் பூனை பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் வளர்ந்த எலியும் பெருச்சாளியும் வேறு கதை. நியூயார்க்கில் எலிகள் நிறைந்த ஒரு கழிவு மறுசுழற்சி நிலையத்தில் 79 நாட்கள் கேமரா வைத்துக் கண்காணித்தார்கள். பூனைகள் எலியைக் கொன்றது இரண்டே முறை என்று 2018இல் வெளியான அந்த ஆய்வு பதிவுசெய்தது. எதிர்த்துத் தாக்கும் பெரிய எலியை விட்டுவிட்டு, எளிதில் அகப்படும் ஓணானையும் சிட்டையும் பூனை தேர்ந்துகொள்வதில் வியப்பில்லை. எலியைக் குறைக்க வேண்டுமானால் குப்பையை மூடிவைப்பதும் சாக்கடை ஓட்டைகளை அடைப்பதுமே உறுதியான வழி. பாம்பைப் பொறுத்தவரை, கண்ணாடி விரியனோடு மோதும் பூனையின் உயிருக்கே ஆபத்து. அந்தக் காவல் வேலையை அதற்குக் கொடுப்பது அன்பாகாது.

தெருவில் திரியும் பூனைகள் இத்தனை இருக்க, என் ஒரு பூனையைக் கட்டிக்காத்து என்ன ஆகப்போகிறது என்பது நான்காவது. அமெரிக்காவில் பூனைகளால் ஆண்டுக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி வரை பறவைகள் இறக்கின்றன என்ற 2013ஆம் ஆண்டின் மதிப்பீட்டிலும், பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளால் நேர்வதே. ஆனால் அந்த உரிமையாளர் இல்லாத பூனைகளின் வரிசை, கருத்தடை செய்யாமல் வெளியே விடப்பட்ட வளர்ப்புப் பூனைகளின் குட்டிகளாலும் நீள்கிறது. தெருப் பூனைகளுக்கான கருத்தடைத் திட்டம் உள்ளாட்சிகளின் கடமை. வீட்டுப் பூனை நம் கடமை. ஒன்று நடக்கவில்லை என்பது மற்றொன்றைக் கைவிடக் காரணமாகாது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரம், 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள் அல்லது கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியிருக்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மனம் வைத்தால் போதும்.

ஆனால் தனிமனிதரின் அக்கறையை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. நாற்றங்கால்களில் ஒரு செடியை விற்கும்போது அது எத்தனை நாளில் பூக்கும் என்று சொல்கிறவர்கள், வளர்ப்பு விலங்குக்கு அது நஞ்சா என்றும் ஒரு வரி எழுதி ஒட்டலாம். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, நம் வீட்டுத் தோட்டங்களில் உண்மையில் வளரும் செடிகளுக்கு, நாம் அழைக்கும் தமிழ்ப் பெயர்களிலேயே ஒரு பட்டியல் வெளியிடலாம். ஐயமின்றி வைக்கக்கூடிய செம்பருத்தி, ரோஜா, மல்லிகை, சூரியகாந்தி, ஜினியா ஆகியவை ஒரு பக்கம். தள்ளிவைக்க வேண்டியவை மறுபக்கம். விழுங்கிவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது கீழே. செலவு மிகக் குறைவு, பயன் பெரிது. அந்தப் பட்டியல் வரும்வரை வீட்டுக்காரர் செய்யக்கூடியவை மூன்று: லில்லியையும் அரளியையும் செங்காந்தளையும் பூனை உலவும் இடத்திலிருந்து அகற்றுவது, மருந்து தெளித்த நாளில் தோட்டக் கதவைச் சாத்தி வைப்பது, மற்ற நாட்களில் பூனையோடு தானும் இறங்கி நடப்பது. ஓர் உயிரை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அதற்கு வேளைக்குச் சோறு போடுவதோடு தன் நேரத்தையும் தர வேண்டியவராகிறார்; அந்த நேரத்தைச் செலவிடத் தோட்டத்தைவிட நல்ல இடம் வேறில்லை.