அந்த எட்டு நொடி யாருடையது?

உங்கள் கணினியில் கிடக்கும் ஏதாவது ஒரு போட்டோவின் எக்ஸிஃப் தகவலைத் திறந்து பாருங்கள். ஷட்டர் எத்தனை நொடி, அப்பர்ச்சர் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு என்று எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் ‘மாடல்’ என்றும் ஒரு புலம் உண்டு. அதற்குள் இருப்பது கேமராவின் மாடல் பெயர். படத்தில் நிற்கிற ஆளின் பெயர் இல்லை. புலத்துக்கு இப்படிப் பெயர் வைத்த எஞ்சினியர்கள் யாரையும் அவமானப்படுத்த நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நம்ம ஊர் அவுட்டோர் ஷூட் பழக்கத்தை இவ்வளவு கச்சிதமாக வேறு யாரும் எழுதி வைத்ததில்லை. கேமராவுக்குப் பெயர் உண்டு, லென்ஸுக்குப் பெயர் உண்டு, எடுத்தவருக்கு வாட்டர்மார்க் உண்டு. எதிரே நின்றவர் வெறும் ‘சப்ஜெக்ட்’.

மற்ற வகைப் படங்களில் இது பெரிய விஷயமா என்று யாராவது வாதாடினால் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன். லாங் எக்ஸ்போஷர் போர்ட்ரெய்ட்டில் முடியாது. அந்தப் படத்தை இரண்டு பேர் சேர்ந்து எடுக்கிறார்கள். ஒருவர் ஷட்டரைத் திறந்து மூடுகிறார். இன்னொருவர் அது திறந்திருக்கும் நேரம் முழுக்க அசையாமல் நிற்கிறார். அந்த இரண்டாவது ஆளுக்குக் கூலியும் தராமல், பெயரும் போடாமல், படம் என்னுடையது என்று சொல்வதற்கு நம்ம ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: ஓசியில் வேலை வாங்குவது.

நான் இருப்பது மேனாம்பேட்டில். பக்கத்தில் கொரட்டூர் ஏரி, கொஞ்சம் தள்ளி அம்பத்தூர் எஸ்டேட். லாங் எக்ஸ்போஷர் பழகுகிற பையன்களுக்கு இதைவிட வசதியான ஏரியா கிடைக்காது. சாயங்காலம் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் எஸ்டேட் ரோட்டில் கம்பெனி பஸ், லாரி, ஷேர் ஆட்டோ என்று விளக்குகளாக ஓடும். ட்ரைபாடில் கேமராவை வைத்து எட்டு நொடி திறந்தால் வண்டிகள் காணாமல் போய் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் மட்டும் மிஞ்சும். நடுவே ஒரு பெண் சிலை மாதிரி நிற்பாள். ஏரிக்கரையில் இதைப் பகலிலேயே செய்யலாம். பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஒரு நொடியில் 125-ல் ஒரு பங்கு போதும் என்கிற இடத்தில் எட்டு நொடி தேவைப்படும். தண்ணீர் பால் மாதிரி ஆகும், மேகம் இழுபடும், ஆள் மட்டும் ஷார்ப்பாக இருப்பார்.

எப்படி ஷார்ப்பாக இருக்கிறார்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகத்தின் உயரம் சுமார் 20 சென்டிமீட்டர். படத்தில் அந்த முகம் ஆயிரம் பிக்சல் உயரத்துக்கு வருகிறது என்றால் ஒரு பிக்சல் 0.2 மில்லிமீட்டர். தலை வெறும் 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் பத்து பிக்சலுக்குக் கலங்கிவிடும். சும்மா நிற்கிற மனித உடம்பு தானாகவே அதைவிட அதிகம் ஆடும். இரண்டு காலில் நிற்பது என்றாலே விழாமல் திருத்திக்கொண்டே இருப்பதுதான். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். எட்டு நொடி என்றால் கிட்டத்தட்ட இரண்டு மூச்சு. அந்த இரண்டையும் அவர் அடக்க வேண்டும், அல்லது தோள் ஏறாமல் மெல்ல விட வேண்டும். கண் சிமிட்டுவது மட்டும் மன்னிக்கப்படும். எட்டு நொடியில் அது ஒரு கீற்று, பதிவாகாது. பார்வை நகர்ந்தால் மன்னிப்பு கிடையாது, கருவிழி இரண்டாகத் தெரியும்.

இது ஒரே ஒரு ஃபிரேமுக்கு. ஒரு மாலையில் நாற்பது ஃபிரேம் எடுத்தால் 320 நொடி, அதாவது ஐந்து நிமிடத்துக்கும் மேல், சுத்தமான அசையாமை. நடுவில் பஸ் வருவதற்குக் காத்திருப்பது, போஸைக் கலைக்காமல் அடுத்த ஷாட்டுக்கு நிற்பது எல்லாம் தனி. சில கேமராக்களில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருந்தால் எட்டு நொடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு எட்டு நொடி கேமரா இருட்டில் தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளும். அதுவரை “அப்படியே இருங்க, அப்படியே இருங்க” என்பார்கள்.

இந்தப் பக்கத்தில் மாடலிங் செய்கிற ஒரு பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசினேன். பகலில் துணிக்கடையில் பில் போடுகிறார். “அண்ணா, மூணாவது ஷாட்லயே முட்டி தானா ஆட ஆரம்பிச்சிடும். கொசு வேற. கையத் தட்டுனா ‘ஷாட் போச்சு’ம்பாங்க. முகத்துல சிரிப்பு கலையக் கூடாது” என்றார். பணம்? “எங்க அண்ணா, கொலாப்தான். போட்டோ அனுப்புவாங்க, அதுவும் நாலு தடவ கேட்டப்புறம்.” அனுப்புகிற போட்டோவில் யார் பெயர் இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

“ஃப்ளாஷ் இருக்கே ப்ரோ, அது ஆளை ஃப்ரீஸ் பண்ணிடும்” என்று ஒருவர் வருவார். உண்மைதான். ரியர் கர்ட்டன் ஃப்ளாஷ் ஷட்டர் மூடுவதற்கு முன் ஒரு கணம் அடிக்கும். ஆனால் பின்னால் ஓடுகிற விளக்குகள் அதற்கு முன்னே ஏழு நொடியாகப் பதிவாகிக்கொண்டிருக்கின்றன. ஆள் கொஞ்சம் நகர்ந்தால் அந்த வெளிச்சம் கன்னத்தின் வழியாகவே கோடு போட்டுவிடும், பேய் மாதிரி. ஃப்ளாஷ் அடித்தாலும் நின்றுதான் ஆக வேண்டும்.

லாங் எக்ஸ்போஷரின் விதி மிகப் பழையது: நின்றது பதிவாகும், நகர்ந்தது அழியும். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் ட்ரைப் 1858 வாக்கில் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். அவருடைய பல படங்களில் நம் ஊர்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஊரில் ஆளில்லாமல் இல்லை. நடந்தவர்கள் காகித நெகட்டிவில் தங்கவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் இந்த வகைப் படத்தில் ஒருவர் நிற்பது என்பதே தன்னைத் தானே எழுதிக்கொள்கிற செயல். ட்ரைப் நினைத்தாலும் நடந்து போனவரைப் படத்துக்குள் கொண்டுவந்திருக்க முடியாது.

இதே விதி இன்னும் கூர்மையாகத் தெரிகிற இடம் இலங்கை. ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் கையில் கேமரா வந்தது. ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகட்டில் மூன்று முதல் ஏழு நிமிடம் வரை ஆட்களை உட்காரவைத்து எடுப்பார். டென்னிசனும் டார்வினும் ஹெர்ஷலும் அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். 1875-ல் கணவருடைய காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிவந்தார். 1879-ல் அங்கேயே இறந்தார். அந்த நான்கு ஆண்டுகளில் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. உள்ளூர் ஆட்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவற்றில் நிற்கிறார்கள். இங்கிலாந்துப் படங்களில் வேலைக்காரப் பெண்ணான மேரி ஹில்லியரின் பெயர்கூட நமக்குத் தெரியும். இலங்கைப் படங்களில் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பதுபோல ஒரு தலைப்புதான் பெரும்பாலும் மிச்சம்.

மரியான் நார்த் என்கிற தாவர ஓவியர் களுத்துறையில் கேமரனைப் பார்க்கப் போனார். கேமரன் அவரையும் விடவில்லை. உச்சி வெயிலில், 96 டிகிரி ஃபாரன்ஹீட்டில், தென்னங்கீற்று தலையில் குத்த நிறுத்திவைத்து, இயல்பாக இரு என்று சொல்லியிருக்கிறார். நார்த் இதைக் கிண்டலாக எழுதிவைத்தார். 1892-ல் வெளியான அவருடைய நினைவுக் குறிப்புகளில் இன்றும் படிக்கலாம். அதே பக்கங்களில் இன்னொருவரும் வருகிறார். ஓர் உள்ளூர் ஆளின் முதுகு கேமரனுக்கு அபாரமாகப் பிடித்துப்போய்விட்டது. அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனிடம் அடம்பிடித்தார். வீட்டில் தோட்டமே கிடையாது. அந்த ஆளுக்குத் தோட்டக்காரர் என்றால் என்ன என்றும் தெரியாது என்கிறார் நார்த்.

இரண்டு பேரும் அதே வீட்டில், அதே கேமராக்காரி கண்ணில் பட்டவர்கள். ஒருவருக்கு எழுதத் தெரியும், அச்சகம் தெரியும். அவருடைய எரிச்சல் ஒன்றரை நூற்றாண்டு தாண்டி நமக்கு வந்து சேர்ந்துவிட்டது. இன்னொருவர் வெறும் முதுகு. அவருக்குக் கால் வலித்ததா, இந்த அம்மா என்னத்துக்கு நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று வீட்டில் போய்ச் சிரித்தாரா, எதுவும் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கேமரன் அந்த முதுகுக்கு ஒரு வேலையாவது போட்டுக்கொடுக்க நினைத்தார். நம்ம ஆட்கள் தருவது என்ன? “எக்ஸ்போஷர் கிடைக்கும் சிஸ்டர்.” எக்ஸ்போஷரைக் கொடுத்ததே அந்த சிஸ்டர்தான்.

சட்டம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். அதே சட்டம் ‘நிகழ்த்துநர்’ என்று ஒரு பட்டியல் தருகிறது: நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, மாயவித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர். பாம்பாட்டிக்கு இடம் இருப்பது எனக்கு சந்தோஷம்தான். மூச்சை அடக்கி எட்டு நொடி நிற்பவருக்குத் தனியாக ஒரு சொல் இல்லை. ‘நிகழ்த்துகிற வேறு எவரும்’ என்று கடைசியில் ஒரு வால் இருக்கிறது. எஸ்டேட் ரோட்டில் நிற்கிற பெண் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்கா போக முடியும்? ஆகவே இது எடுப்பவர்களின் மனசாட்சியிடம் வந்து நிற்கிறது. அங்கே பேசுவோம்.

“பாறையும்தான் அசையாம இருக்கு, அதுக்கும் சம்பளம் குடுக்கணுமா?” என்று ஒரு நண்பர் கேட்டார். பாறைக்கு நகரத் தெரியாது. நகரத் தெரிந்த ஒருத்தர், கொசு கடிக்கும்போதும் லாரி ஹாரன் அடிக்கும்போதும் நகராமல் இருக்க முடிவெடுக்கிறாரே, அந்த முடிவுக்குத்தான் கூலி. தவிர, உங்களுக்கும் அது தெரியும். பாறை போதும் என்றால் பாறையை வைத்தே எடுத்திருப்பீர்கள்.

“போனில் நைட் மோட் வந்துடுச்சே, இனி யாரும் நிக்கவே வேண்டாம்” என்பது இன்னொரு வாதம். 2018-ல் கூகுள் பிக்சலில் நைட் சைட் வந்ததிலிருந்து போன்கள் நீளமாக ஒன்று திறப்பதற்குப் பதிலாகக் குட்டிக் குட்டி ஃபிரேம்களாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தி, ஆட்டத்தைக் கழித்துவிடுகின்றன. நல்ல எஞ்சினியரிங். அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த வசதி கைப்பையில் இருக்கும்போதே ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வருகிறீர்கள் என்றால், அந்த நிற்றல்தான் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. எல்லாம் ஓடும்போது ஒரு முகம் தங்கியிருப்பதன் அழகுக்காகத்தான் வருகிறீர்கள். அந்த அழகைச் செய்கிறவர் உங்கள் எதிரே இருக்கிறார்.

என்ன செய்யலாம்? எதுவும் கஷ்டமில்லை. ஷூட்டுக்கு முன்னாலேயே மணிக்கணக்கில் ஒரு தொகை பேசுங்கள். சின்னத் தொகையானாலும் அன்றைக்கே கொடுங்கள். முதல் ஃபிரேமுக்கு முன் நீங்களே அந்த இடத்தில் போய் எட்டு நொடி நின்று காட்டுங்கள். மீடியனில் ஏற்றி நிறுத்தாதீர்கள். உங்கள் கோட்டுக்காக ஒருவர் பஸ்ஸில் அடிபட வேண்டாம். ஒவ்வொரு நாலு ஷாட்டுக்கும் உட்காரச் சொல்லுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள்.

பெயரைக் கேட்டுப் போடுங்கள். கேட்டு என்பது முக்கியம். வீட்டுக்குத் தெரியாமல், தெருவுக்குத் தெரியாமல் வந்து நிற்கிற பெண்கள் உண்டு. பெயர் வெளியே போனால் மெசேஜ் பெட்டியில் என்னவெல்லாம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர் ஒரு புனைபெயர் சொன்னால் அதைப் போடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அது அவருடைய முடிவாக இருக்கட்டும், உங்கள் மறதியாக இருக்க வேண்டாம். பெயர் போட இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எக்ஸிஃபில் இல்லாவிட்டாலும் ஐபிடிசி மெட்டாடேட்டாவில் ‘படத்தில் இருப்பவர்’ என்று தனிப் புலமே இருக்கிறது. அதைத் தட்டி நிரப்ப எட்டு நொடிகூட ஆகாது.

இதெல்லாம் கட்டுப்படியாகாது என்றால் ஏரியை மட்டும் எடுங்கள். தண்ணீர் சம்பளம் கேட்காது.