குரல் போயிற்று, அட்டை இருக்கிறது!

தபால் தலை சேர்ப்பவர்களை நமக்குத் தெரியும். பழைய நாணயம் சேர்ப்பவர்களையும் தெரியும். அமெரிக்காவில் இன்னொரு ரகத்தினர் இருக்கிறார்கள். முன்பின் பாராத யாரோ ஒருவர், முன்பின் பாராத இன்னொருவருக்கு, "நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது" என்று எழுதிப் போட்ட அட்டைகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்கள். இதென்ன பைத்தியம் என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம்.

1958-ல் அமெரிக்க அரசாங்கம் 27 மெகாசைக்கிள் அலைவரிசையைப் பொது ஜனங்களுக்குத் திறந்து விட்டது. சி.பி. ரேடியோ என்று அதற்குப் பெயர். பரீட்சை கிடையாது, லைசென்ஸ் வாங்கினால் போதும். கடைக்காரரும் குடியானவரும் லாரி டிரைவரும் பேசினார்கள். 1973-ல் எண்ணெய்ப் பஞ்சம் வந்தபோது, எங்கே டீசல் கிடைக்கும், எங்கே போலீஸ் நிற்கிறது என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இதில்தான். பேசியவர்கள் பிறகு தபாலில் அட்டை அனுப்பிக்கொண்டார்கள். அதற்கு க்யூ.எஸ்.எல். அட்டை என்று பெயர். "கிடைத்தது" என்பதற்குத் தந்திக்காரர்கள் வைத்த சங்கேதம் அது. அட்டையில் நிலையத்தின் அழைப்பு எண், சொந்தக்காரரின் புனைபெயர், பெரும்பாலும் ஒரு கேலிச் சித்திரம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 150 மைலுக்கு அப்பால் பேசக் கூடாது என்று சட்டம் இருந்தது. சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் வருஷங்களிலோ, 5 வாட் கருவியிலிருந்து கிளம்பிய குரல்கூட வானத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரம் மைலுக்கு அப்பால் போய் விழும். அப்படிப் பேசியதாக அட்டை எழுதுவது, தன் குற்றத்துக்குத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்! அப்படியும் எழுதினார்கள். 2017-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

சேகரிப்பவர்களோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. படம் அழகாக இருந்தால் எடுக்கிறார்கள், இல்லாததைத் தள்ளுகிறார்கள். ஒருவர் ஆயுள் முழுவதும் சேர்த்த பெட்டி ஏலத்துக்கு வந்தால், கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்கிறார்கள். மாலையைப் பிய்த்துப் பூவை எண்ணி விற்பது போன்ற காரியம் இது. படம் அச்சாபீஸில் நூற்றுக்கணக்கில் அடித்தது. தேதி, நேரம், குரல் எவ்வளவு தெளிவாக வந்தது என்ற குறிப்பு, ஓரத்தில் பேனாவால் கிறுக்கிய ஒரு வரி இவையல்லவா ஒரே ஒரு தடவை எழுதப்பட்டவை? கட்டு பிரியாமல் இருந்தால்தான், ஒரு சாமானிய மனிதன் யார் யாரோடு உறவு கொண்டாடினான் என்பது தெரியும்.

"பேசாமலே அட்டையை மட்டும் பரிமாறிக்கொண்டவர்கள் ஏராளமாயிற்றே!" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வாஸ்தவம். அதனால் என்ன? தேதியும் நேரமும் எழுதாத அந்த அட்டையும் ஒரு சிநேகிதத்தின் சாட்சிதான்.

1983-ல் லைசென்ஸே வேண்டாம் என்றாகிவிட்டது. பேசிய குரல்களைப் பெரும்பாலும் யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. மிஞ்சியது இந்த அட்டைகள்தான். நம் ஊரிலும் சிற்றலை ரேடியோ கேட்டு, நிலையங்களிலிருந்து இப்படி அட்டை வாங்கியவர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு கட்டு இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுமுன் ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்கள். கட்டை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள்!